டாக்டர் வரக்கூடாது என்றொரு ஜெபம்

என் வேனில் ஹார்ன் இருக்கிறது. நான் அதை அழுத்துவதில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டால் முன்னால் போகிற லாரியே ஒதுங்கும்போது ஹார்ன் எதற்கு? பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவளுக்கு லைசென்ஸைவிடத் தொண்டைதான் முக்கியம். பின்சீட்டுச் சண்டையைத் திரும்பிப் பார்க்காமலே தீர்க்க வேண்டும். வேன் வந்து நின்ற பிறகு பிள்ளைக்கு ஷூ மாட்டுகிற தாய்மார்களை விரட்ட வேண்டும். எங்கள் தெருவில் எனக்கு 'சைரன்' என்று பேர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். நேரே சொல்ல யாருக்குத் துணிச்சல் இருக்கிறது?

அந்தத் தொண்டையில் போய்க் கட்டி வந்தது.

முதலில் கோலிக்குண்டு அளவு இருந்தது, கண்டுகொள்ளவில்லை. எலுமிச்சம்பழ அளவு ஆனதும் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் இளவயதுக்காரர், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். "இது கெட்ட கட்டி இல்லம்மா. ஆனா வளர்ந்துக்கிட்டே போகுது, மூச்சுக்குழாயை அமுக்குது. எடுத்துத்தான் ஆகணும்" என்றார். அதோடு விட்டிருக்கலாம். "குரலுக்குப் போற நரம்பு பக்கத்துலயே ஓடுது. கவனமாத்தான் செய்வேன். இருந்தாலும் குரல் கம்மிப்போக ஒரு சின்ன வாய்ப்பு இருக்கு" என்றும் சொன்னார். அந்தச் 'சின்ன' மட்டும் என் காதில் விழவே இல்லை.

குரல் கம்மிப்போனால் நான் என்ன செய்வேன்? வேனை யார் நம்பித் தருவார்கள்? வீட்டில் யாரை அதட்டுவேன்? என் வீட்டுக்காரர் தையல்காரர். நான் சத்தம் போடாவிட்டால் ஊசியில் நூல் கோர்த்தபடியே சாப்பிடாமல் கிடப்பார். பயந்துதான் போனேன். ஆனால் வெளியில் மூச்சு விடவில்லை. சைரனுக்குப் பயம் என்று தெரிந்தால் ஊர் சிரிக்காதா?

ஒரு தடவை இருமல் என்று தள்ளிப்போட்டேன். இன்னொரு தடவை பள்ளியில் பரீட்சை என்றேன். பரீட்சை எழுதப் போகிறது நானா என்று டாக்டர் கேட்கவில்லை, அவர் பெருந்தன்மை. இதற்குள் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது தேதியை என் வீட்டுக்காரரே போய்க் குறித்துக்கொண்டு வந்தார்.

இங்கே என் நாத்தனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அக்கா, எனக்கு அண்ணி, எங்கள் சபையின் ஜெபக்குழுத் தலைவி. யாருக்காவது தலைவலி என்றால்கூட மாத்திரைக்கு முன்னால் அண்ணி போய் நிற்பார். வேதத்தில் 'பயப்படாதே' என்று எத்தனை இடத்தில் வருகிறது என்பது அவருக்கு விரல்நுனியில் இருக்கிறது. அத்தனையையும் எனக்குச் சொன்னார். தினமும் ஒன்று, மாத்திரை மாதிரி.

"பயப்படாதடி. விசுவாசம் இருக்கிறவளுக்கு எதுக்குப் பயம்?"

"யார் அண்ணி பயப்படறா? நானா? நல்ல கதையா இருக்கே!" என்றேன்.

சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு என் சொந்த ஜெபத்தைச் செய்தேன். சபையில் என்னை ஜெபம் பண்ணச் சொன்னால் வேனைப் பூட்டினேனா என்று பார்க்கப் போய்விடுவேன். பாட்டு என்றால் கூரை அதிரப் பாடுவேன், ஜெபம் மட்டும் நாலு பேர் முன்னால் வராது. குளியலறையில் நன்றாகவே வந்தது. "ஆண்டவரே, அந்த டாக்டருக்கு ஒரு ஜலதோஷம் குடுங்க. பெருசா வேணாம், பாவம். தும்மிக்கிட்டே இருந்தா போதும், தும்முற கையில கத்தியைக் குடுக்க மாட்டாங்க." டாக்டர் தும்மவில்லை. கரண்ட் போகட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்.

ஆபரேஷன் அன்று காலையில் மூன்றாம் மாடி அறையில் உட்கார்ந்திருந்தேன். பச்சை கவுன் கொடுத்திருந்தார்கள். முன்பக்கம் மானமாக இருந்தது, பின்பக்கம் இரண்டு நாடா மட்டும். கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். "டாக்டர் வந்து கழுத்துல அடையாளம் போட்டதும் உள்ளே கூட்டிட்டுப் போயிடுவோம்" என்றாள் நர்ஸ்.

அப்போது கடைசியாக ஒரு தடவை, உதடு அசையாமல் கேட்டேன். "ஆண்டவரே, ஜலதோஷம் வேணாம், கரண்ட்டும் வேணாம். இந்த டாக்டர் இந்த ரூமுக்கு வந்து சேரக்கூடாது. அவ்வளவுதான். எப்படின்னு நீங்களே பாத்துக்குங்க."

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஜெபம் பண்றியா? பண்ணு, பண்ணு" என்று பக்தியோடு தலையைக் குனிந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வராந்தாவில் தடதடவென்று சத்தம். கிடார் அண்ணன் ஓடி வந்தார். சபையில் கிடார் வாசிக்கிறவர், ஆள் நல்ல கனம். படியேறி வந்ததில் மூச்சு இரைத்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"லிஃப்ட்டு... லிஃப்ட்டு நின்னுடுச்சு! ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல! உள்ளே அக்கா, ஜெபக்குழு, எல்லாரும்... டாக்டரும்!"

"எந்த டாக்டர்?"

"உங்க டாக்டர்தான்!"

லிஃப்டுக்குள்ளிருந்து அவர்கள் கத்திச் சொன்னதையும் சேர்த்து, அவரிடம் கேட்டுக்கேட்டு நடந்ததை வாங்கினேன். அண்ணி குழுவோடு எனக்காக வந்திருக்கிறார். கீழே படிக்கட்டில் ஏறப்போன டாக்டரைப் பார்த்ததும், "இந்தக் கைதானே அவளை அறுக்கப் போகுது! இதுக்கு ஜெபம் பண்ணாம விடுறதா?" என்று அவரைக் கையைப் பிடித்து லிஃப்டுக்குள் இழுத்திருக்கிறார். "நான் எப்பவும் படியிலதாங்க போவேன்" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஆள் அதிகம் என்று லிஃப்ட் கீகீ என்று கத்தியிருக்கிறது. அண்ணி அதைச் சாத்தானின் தடை என்று எடுத்துக்கொண்டு, "சத்தம் போடாதே! விலகிப் போ!" என்று லிஃப்டைக் கடிந்திருக்கிறார். அது அதட்டலுக்கு அடங்காததால், கிடாரையும் கிடார் அண்ணனையும் வெளியே தள்ளியிருக்கிறார்கள். சத்தம் நின்றது. வெற்றி! கதவு மூடியதும் ஸ்தோத்திரம் சொல்லி, கைதட்டி, எல்லோரும் சேர்ந்து குதித்திருக்கிறார்கள். அவ்வளவுதான், லிஃப்ட் குலுங்கி நின்றுவிட்டது.

நான் சொல்வதை நம்புங்கள், எனக்கு முதலில் வந்தது சிரிப்பும் இல்லை, கவலையும் இல்லை. சந்தோஷம். தலைகால் புரியாத சந்தோஷம்! கேட்டது கேட்டபடி கிடைத்துவிட்டதே! டாக்டர் அறைக்கு வந்து சேரவில்லை. போதாததற்கு அண்ணியும் வந்து சேரவில்லை. அது நான் கேட்காமலே கிடைத்த கொசுறு.

"அப்போ இன்னைக்கு ஆபரேஷன் கிடையாது. வீட்டுக்குப் போகலாம், என் புடவையை எடுங்க" என்றேன்.

"இருங்க இருங்க" என்றார் கிடார் அண்ணன். "டாக்டருக்கு முடியல. மூடின இடம்னா அவருக்கு ஆகாதாம். மூச்சு வாங்குது, கதவைப் போட்டு அடிக்கிறார். அக்கா வேற அவர் தலையில கைவெச்சு, பயத்தின் ஆவியே வெளியே போன்னு கத்திக்கிட்டே இருக்காங்க. அது போறதுக்குத்தான் வழி இல்லையே, கதவு மூடியிருக்கு! மெக்கானிக் வர நேரமாகும்னு சொல்றாங்க."

என் சந்தோஷம் புஸ்ஸென்று இறங்கிவிட்டது. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? என் இருமலையும் பரீட்சையையும் பொறுத்துக்கொண்ட மனுஷர். நான் ஆண்டவரிடம் மூட்டிவிட்டதில் அங்கே மூச்சு முட்டிக்கொண்டு நிற்கிறார். எழுந்து நடந்தேன்.

"எங்கே போற? கவுன்! கவுன்!" என்று என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடி வந்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் முன்னால் வேகமாகப் போக, அவர் என் முதுகுத்துணியைப் பிடித்தபடி பின்னால் வர, வராந்தாவில் இருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

மூன்றாம் மாடி லிஃப்ட் கதவு ஒரு விரல் அளவுக்கு விலகியிருந்தது. கீழேயிருந்து அண்ணியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது மாதிரி வந்தது. அதற்கு நடுவே, "தயவு செஞ்சு கதவைத் திறங்க, தயவு செஞ்சு..." என்று ஒரு குரல். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷரின் குரல் கீச்சென்று கிழிந்துபோயிருந்தது.

நான் இடுக்கில் வாயை வைத்தேன். "அண்ணீ! நிறுத்துங்க!"

நிறுத்திவிட்டார். அண்ணியை நிறுத்தச் சொன்ன ஆள் இதுவரை பிறக்கவில்லை.

"டாக்டர், நான் உங்க பேஷண்ட்டுதான் பேசறேன். மேலேதான் இருக்கேன். பயப்படாதீங்க."

"சொல்றது சுலபம்மா" என்றார் மூச்சு வாங்கியபடி.

அட! அண்ணி ஒவ்வொரு தடவை சொன்னபோதும் நான் மனதுக்குள் சொன்ன அதே பதில். பின்னால் கவுனைப் பிடித்திருந்த கை, "ஏதாவது சொல்லு" என்று இடித்தது. என்னத்தைச் சொல்ல? எனக்குச் சொல்லத் தெரிந்த பொய்யெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. உண்மை ஒன்றுதான் மிச்சம்.

"டாக்டர், எனக்கும் பயம்" என்றேன். "ரொம்பப் பயம். இருமலும் இல்ல, பரீட்சையும் இல்ல, எல்லாம் பயந்தான். நீங்க என் ரூமுக்கு வந்து சேரக்கூடாதுன்னு காலையில ஜெபம் பண்ணினேன்."

முதுகுக்குப் பின்னால் கவுன் சட்டென்று தளர்ந்தது.

"அடிப்பாவி!" என்றார் அண்ணி, ஆழத்திலிருந்து.

"அப்போ இது உங்க வேலையா?" என்றார் டாக்டர். அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரல். "அவ்வளவு செல்வாக்கு இருந்தா, இன்னொரு ஜெபம் பண்ணுங்கம்மா. சீக்கிரம்!"

நாலு பேர் முன்னால் ஜெபம். வராந்தாவில் பாதி ஆஸ்பத்திரி நின்றது. வேனைப் பூட்டினேனா என்று பார்க்கப் போகவும் வழியில்லை, பின்னால் என் வீட்டுக்காரர் பிடித்திருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு, இடுக்குக்குள்ளேயே சொன்னேன். "ஆண்டவரே, நான் கேட்டது தப்பு. நான் பயந்தாங்கொள்ளி. ஊருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையை வெளியே விடுங்க. எங்க ரெண்டு பேர்கிட்டயும் வந்து நில்லுங்க. ஆமென்."

அழகான ஜெபம் இல்லை. ஆனால் சொல்லி முடித்ததும் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. பயம் போகவில்லை. அதை ஒளித்துவைக்கிற வேலைதான் போனது. அந்த வேலையே பெரும் வேலையாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

"டாக்டர், அடுத்த ஸ்டாப் எது?" என்றேன்.

"என்னது?"

"சொல்லுங்க. புதுசா ஸ்கூலுக்கு வர்ற பிள்ளைங்க வேன்ல ஓன்னு அழும். அழாதேன்னா இன்னும் அழும். நான் அழாதேன்னு சொல்றதில்ல. அடுத்த ஸ்டாப் எதுன்னு மட்டும் கேப்பேன். ஸ்கூலைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். இப்போ அடுத்த ஸ்டாப் எது?"

"மூணாவது மாடி" என்றது குரல்.

"அங்கே யார் நிக்கிறா?"

"நீங்க."

"என் பின்னால?"

"தெரியலையே."

"என் வீட்டுக்காரர். என் கவுனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறார். விட்டார்னா மூணாவது மாடியே கண்ணை மூடிக்க வேண்டியதுதான்."

உள்ளே யாரோ பக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும். டாக்டரும்தான். சிரிக்கிறவருக்கு மூச்சு தானாக உள்ளே போய் வெளியே வந்துவிடும், என் வேனில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

"அண்ணி, உங்களுக்கு அடுத்த ஸ்டாப் எது?"

பதில் இல்லை. அண்ணியாவது பதில் சொல்லாமல் இருப்பதாவது!

"அண்ணி?"

"எனக்குக் காலு நடுங்குதுடி" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. சின்னப் பிள்ளையின் குரல். "எனக்கும் லிஃப்ட்டுன்னா பயம். அதனாலதான் அவ்வளவு சத்தமாப் பாடினேன். அதனாலதான் குதிச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. எத்தனை 'பயப்படாதே' சொன்னார் எனக்கு! தனக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறார், பாவம். "டாக்டர் கையைப் பிடிச்சுக்குங்க அண்ணி. ஜெபம் பண்ண வேணாம், சும்மா பிடிச்சுக்குங்க" என்றேன்.

மெக்கானிக் வரும்வரை அப்படியே இருந்தோம். இடுக்கில் வாயை வைத்து ஒவ்வொருவரிடமும் ஸ்டாப் கேட்டேன். ஒருவர் வீடு என்றார், ஒருவர் கழிப்பறை என்றார், அவசரமாம். பிறகு மெதுவாக ஒரு பாட்டுப் பாடினோம், யாரும் குதிக்காமல். மேலே நான் பாட, கீழே அவர்கள் பாட, கிடார் அண்ணன் போய்க் கிடாரை எடுத்து வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் சத்தம் போடக்கூடாது என்று சொல்ல வந்தவள், பாட்டு முடியட்டும் என்று நின்றாள்.

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி ஏறி வந்தது. கதவு திறந்ததும் முதலில் டாக்டர் வெளியே வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவர் கையை அண்ணி இரண்டு கையாலும் பற்றியிருந்தார். யார் யாரைப் பிடித்திருக்கிறார்கள் என்றே சொல்ல முடியவில்லை.

டாக்டர் சுவரில் சாய்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். நான் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்தேன். பிறகு என்னிடம் வந்தார்.

"அம்மா, உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. உங்களுக்கு இன்னைக்கு வேணாம்னா சொல்லுங்க. இன்னொரு நாள் வெச்சுக்கலாம். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

வந்துவிட்டது! குளியலறையில் மன்றாடிக் கேட்ட அத்தனையும் ஒரு தட்டில் வைத்து நீட்டப்பட்டது. சரி என்று ஒரு தலையாட்டல் போதும். புடவை, வீடு, வேன், சத்தம், எல்லாம் என்னுடையது. மூச்சு முட்டுகிற ராத்திரிகளும்தான்.

எனக்கு எங்கள் ஆண்டவர் ஞாபகத்துக்கு வந்தார். சிலுவைக்கு முந்தின இரவு, தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, முடிந்தால் இது வேண்டாம் என்று அவரும் கேட்டார். வியர்த்துக் கொட்டிக் கேட்டார். பயந்தாங்கொள்ளி என்று அவரை யாராவது சொல்வார்களா? கேட்டுவிட்டு அவர் ஓடவில்லை, அவ்வளவுதான்.

"உங்க கையைக் காட்டுங்க" என்றேன்.

டாக்டர் நீட்டினார். பார்த்தேன். மெல்ல நடுங்கி, நின்றது. இப்போது நீட்டியபடியே அசையாமல் இருந்தது. அண்ணி எட்டிப் பார்த்து, "இப்போ இதுக்கு ஒரு சின்ன ஜெபம்..." என்று இழுத்தார்.

"பண்ணுங்கம்மா. ஆனா இங்கேயே, தரையில நின்னு" என்றார் டாக்டர்.

அண்ணி பண்ணினார். அவர் வாழ்க்கையிலேயே மெதுவான, சின்ன ஜெபம் அதுதான்.

"கொஞ்சம் உட்கார்ந்து ஓய்வெடுத்துட்டு வாங்க டாக்டர்" என்றேன். "ஆனா இன்னைக்கே செஞ்சுடலாம்."

உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது பல் தந்தியடித்தது. என் வீட்டுக்காரர் கதவுவரை கூடவே வந்தார். "ஏன்மா என்கிட்ட சொல்லல, பயம்னு?" என்று கேட்டார். அவர் கையை இறுக்கிப் பிடித்தேன். பிறகு மேலே பெரிய விளக்கு, முகமூடிகள், மூக்கில் ஏதோ வாசனை. அடுத்த ஸ்டாப் தூக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

கண் விழித்தபோது தொண்டையில் மணலைக் கொட்டி வைத்தது மாதிரி இருந்தது. கழுத்தில் கட்டு. ஒரு பக்கம் என் வீட்டுக்காரர், இன்னொரு பக்கம் அண்ணி. டாக்டர் குனிந்து நின்றார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இப்போ ஒரு வார்த்தை பேசுங்கம்மா, குரலைக் கேக்கணும்."

அப்போது வந்தது பாருங்கள் பயம், லிஃப்டும் கத்தியும் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி. வாயைத் திறந்து, குரல் வராவிட்டால்? திறக்காதவரை போனதா இருக்கிறதா என்று தெரியாது. தெரியாமலே இருந்துவிடலாம் போலிருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அண்ணி வாயைத் திறந்தார். ஒரு 'பயப்படாதே' வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். சும்மா.

டாக்டர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். "அடுத்த ஸ்டாப் எது?" என்று கேட்டார்.

ஆண்டவரே, வந்து நில்லுங்க என்று மனதுக்குள் சொல்லிவிட்டு வாயைத் திறந்தேன்.

"வீடு."

துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம். ஆனால் என்னுடையது. எங்கே கேட்டாலும் எனக்குத் தெரியும்.

"சரியாக் கேக்கலையே" என்றார் டாக்டர்.

"வீடுன்னு சொன்னேன்! காதுல என்ன, பஞ்சா வெச்சிருக்கீங்க?"

சத்தம் பாதிதான் வந்தது. கோபம் முழுசாக வந்தது. பக்கத்துக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் முகத்தைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். என் சத்தத்தைக் கேட்டு ஒரு மனுஷன் சந்தோஷத்தில் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.